ஜெசிந்தா செய்யாத இரண்டு தவறுகள்

போன மாதம் கோவையிலிருந்து நித்யா கூப்பிட்டாள். என்னிடம் இரண்டு வருடம் வேலை கற்றுக்கொண்டு போன பெண். இப்போது இணையதளங்கள் செய்யும் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். பத்து நிமிடம் பேசினாள். அதில் 'அக்சஸிபிலிட்டி' என்ற சொல்லைப் பதினைந்து முறையாவது சொல்லியிருப்பாள். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், கை நடுங்குபவர்கள் எல்லோரும் ஒரே திரையைப் பயன்படுத்தும்படி செய்வது எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் வகுப்பு எடுக்கிறாளாம்.

"சார், இதையெல்லாம் நீங்க அப்பவே பனியன் கம்பெனியில செஞ்சீங்கல்ல, வந்து ஒரு மணி நேரம் பேசுங்க" என்றாள்.

நான் அந்தச் சொல்லை வேலையில் இருந்த காலத்தில் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. செய்ததும் பெரிய கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. நானே செய்து வைத்த ஒரு முட்டாள்தனத்தைச் சரிசெய்யப் போய் நடந்தது. மைக்கைப் பார்த்தால் எனக்கு வியர்த்துவிடும் என்பதால், பேசுவதற்குப் பதில் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்களுடையது திருப்பூருக்குப் பக்கத்தில் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பம். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் இன்றைக்கும் நான் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொள்வார். பி.எஸ்ஸி. முடித்தேன், திருப்பூரில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தேன், முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். கதவில் 'ஈ.டி.பி. டிபார்ட்மென்ட்' என்று எழுதியிருக்கும், கம்ப்யூட்டர் பிரிவுக்கு அப்போது அதுதான் பெயர். உள்ளே டிபார்ட்மென்ட் என்று இருந்தது நானும் ஒரு பிரிண்டரும் ஓர் ஏ.சி.யும்தான். அந்த ஏ.சி.க்காகவே கோடையில் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் பெயர் சென்னியப்பன். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் வளர்த்த நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொல்லி நகர்த்துகிறவர். ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும் அதே குரலில்தான். "நாளையிலிருந்து நீங்க ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்கலாமுங்க" என்பார். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நடந்தது புரிந்து திரும்பி ஓடி வருவார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட் தவிர வேறு நிறத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கவும் மாட்டார். எந்த விவரம் கேட்டாலும், "பிரிண்ட் எடுத்துக் குடுத்துருங்க மூர்த்தி, தாள்ல பார்த்தாத்தானுங்க எனக்குத் திருப்தி" என்பார். பழைய காலத்து ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் நிறத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் முறை திருப்பூரிலேயே தனி. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு நிறத்தைக் கேட்டு மாதிரித் துணி அனுப்புவார். சாயப்பட்டறையில் அதே நிறத்தை மூன்று விதமாக ஏற்றி, ஏ, பி, சி என்று எழுதி, கைக்குட்டை அளவுக்கு வெட்டி அனுப்புவார்கள். அதை உள்ளே சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டிக்குள் மாதிரித் துணியோடு ஒட்டி வைத்து, முதலில் பகல் வெளிச்ச விளக்கில், அப்புறம் கடை விளக்கில், கடைசியாக மஞ்சள் பல்பில் பார்க்க வேண்டும். பகல் விளக்கில் அச்சாகப் பொருந்தும் நிறம் கடை விளக்கில் காலை வாரிவிடும். மற்ற கம்பெனிகளில் ஜி.எம். எட்டிப் பார்த்து, "பி ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஜி.எம். அப்படியல்ல. முதலில் சாய வேலையைக் கவனிக்கும் டையிங் பொறுப்பாளரைக் கூப்பிடுவார். "உங்க கண்ணுக்கு எப்படீங்க தெரியுது?" அவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரு மெர்ச்சண்டைசரைக் கூப்பிடுவார். அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிறவர். அவரையும் அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் அந்த வழியாகப் போகும், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் அம்மா யாரையாவது கூப்பிடுவார். மூன்று பேரும் தனித்தனியாக ஒரே எழுத்தைச் சொன்னால்தான் கையெழுத்து. இல்லையென்றால் மூன்று துண்டும் திரும்பப் பட்டறைக்கு. நிறம் சரியில்லை என்று எங்கள் சரக்கு திரும்பி வந்ததே அபூர்வம். இவ்வளவு பெரிய பதவியில் இருந்துகொண்டு செக்கிங் அம்மாவிடம் கேட்கிறாரே, எவ்வளவு பணிவு என்று நாங்கள் எல்லோரும் அவரை மெச்சுவோம்.

இனி ஜெசிந்தா. ரிசப்ஷனில் டெலிபோன் ஆபரேட்டர். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூர் மண்ணரையில் குடியிருந்த குடும்பம். அப்பா ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், தங்கைகள் செக்கிங். பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். பார்வையற்றோர் பள்ளியில் படித்து, டெலிபோன் வேலைக்கு முறையாகப் பயிற்சி எடுத்து வந்தவர். வாய் கொஞ்சம் நீளம். சேர்ந்த முதல் நாள் யாரோ இரக்கப்பட்டு அவர் கையைப் பிடித்துப் படியேற்றப் போக, "கையைப் புடிச்சு இழுக்காதிய, நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டுவிட்டார். மேஜையில் தண்ணீர் பாட்டிலை யாராவது ஒரு சாண் நகர்த்தி வைத்தாலும் அன்று முழுக்க அர்ச்சனைதான். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. பழைய போர்டின் சுவிட்சுகள் எல்லாம் விரலுக்குத் தெரியும். யார் போனை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்தச் சமயத்தில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. பையர் அலுவலகங்களிலிருந்து நாள் முழுக்க ஒரே கேள்வி வரும்: "எங்கள் ஆர்டர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" ஒவ்வொரு தடவையும் ஜெசிந்தா மெர்ச்சண்டைசருக்கு லைன் கொடுப்பார். அவர் கட்டிங்குக்கு ஓடுவார், அங்கிருந்து டையிங்குக்கு ஓடுவார். அதற்குள் பையர் போனை வைத்துவிடுவார். எனவே எல்லா ஆர்டரின் நிலவரமும் ஒரே திரையில் தெரியும்படி ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். போனை எடுப்பவரே திரையைப் பார்த்துப் பதில் சொல்லிவிட வேண்டும். ஆயுத பூஜை அன்று கும்பிட்டு ஆரம்பிப்பது என்று முடிவானது.

நான் எழுதிய புரோகிராம்களிலேயே அழகானது அதுதான் என்று அப்போது நினைத்தேன். பட்டன்களில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். கட்டிங்குக்குக் கத்தரிக்கோல், அனுப்பிய சரக்குக்கு லாரி. ஒவ்வொரு ஆர்டரும் ஒரு வரி. அந்த வரியின் நிறம்தான் நிலவரம். வெள்ளை என்றால் ஆர்டர் வந்திருக்கிறது, மஞ்சள் என்றால் துணி சாயத்தில் இருக்கிறது, நீலம் தையல், இளம்பச்சை அனுப்பியாயிற்று, இளஞ்சிவப்பு என்றால் தேதி தாண்டிவிட்டது, லேட். பளிச்சென்று இருந்தால் கண் கூசும் என்று எல்லாவற்றையும் மெல்லிய ஷேடாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். திருப்பூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு நிறத்தைத் தவிர வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? எழுத்து எதற்கு, அதுதான் நிறமே சொல்கிறதே என்று இருந்துவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஜெசிந்தா ஏ.சி. அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, திரையைப் பாத்துப் பதில் சொல்லதுக்கு வேற பிள்ளையைப் போடப் போறாவளாம். என்னைய பாலிபேக் கவர் மடிக்கப் போவச் சொல்லுதாரு ஜி.எம். சார். 'சம்பளம் குறையாதுங்க அம்மிணி'ங்காரு."

"அவர் நல்லதுக்குத்தானுங்க..."

"நான் டெலிபோன் படிச்சவ. கவர் மடிக்கவா அங்க இருந்து இங்க வந்தேன்? பூஜை அன்னைக்கு ராஜினாமா எழுதிக் குடுத்திருவேன்."

"கோபப்படாதீங்க ஜெசிந்தா."

"கோவம் இல்ல அண்ணாச்சி. அழுகையா வருது. அதான் கோவப்படுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவருடைய நாற்காலியைப் பறித்தது என்னுடைய அழகான திரைதான். அவரே கைப்பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினார். கூடப் படித்த தோழி ஒருவர் சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறாராம், அவர் அனுப்பியதாம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் புரோகிராம் அது. விலை கொடுத்து வாங்கும் வரை நாற்பது நிமிடம் மட்டும் பேசும். பிறகு கம்ப்யூட்டரை மூடித் திறந்தால் இன்னொரு நாற்பது நிமிடம்.

போட்டுப் பார்த்தோம். ஆங்கிலத்தில், மூக்கடைப்பு வந்த குரலில் பேசியது. என் புரோகிராமைத் திறந்தேன். "பட்டன். பட்டன். கிராஃபிக் நாற்பத்தேழு. பட்டன்."

"என்ன அண்ணாச்சி, பட்டன் பட்டன்னு அனத்திக்கிட்டுக் கெடக்கு?"

கத்தரிக்கோலும் லாரியும் அதற்குத் தெரியவில்லை. ஆர்டர் வரிக்குப் போனேன். ஸ்டைல் நம்பரைச் சொன்னது, எத்தனை பீஸ் என்று சொன்னது, நின்றுவிட்டது. நிறத்தைச் சொல்லவில்லை. அதாவது, பையர் கேட்கும் ஒரே விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் சொன்னது. நான் அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஜெசிந்தா குறுக்கிட்டார்.

"எனக்கு வெளக்காதிய. மானிட்டரை அணைங்க. மவுஸைக் கழட்டி எங்கிட்டத் தாங்க."

மவுஸை வாங்கிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். "இப்ப நீங்க எழுதுன புரோகிராம்ல நீங்களே ஒரு ஆர்டரைத் தேடுங்க, பாப்போம்."

என் வாழ்க்கையில் ஒரு கால் மணி நேரத்தில் அவ்வளவு பாடு நான் பட்டதில்லை. டேப் கீயைத் தட்டினால் கர்சர் ஆர்டர் எண்ணிலிருந்து தாவி, கீழே போய், மேலே வந்து, எங்கெங்கோ ஓடியது. நான் எந்த வரிசையில் பெட்டிகளை வரைந்தேனோ அந்த வரிசையில்தான் அது ஓடும், அதைச் சரிசெய்யும் சிரமத்தை நான் எடுத்துக்கொண்டதே இல்லை. ஒருமுறை வெளியேறும் பட்டனை அழுத்திவிட்டேன். ஒருமுறை ஏதோ செய்தி வந்து நின்றிருக்க வேண்டும், சத்தமும் இல்லை, நகரவும் இல்லை. ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் சொந்த வீட்டில் நானே இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் வேலையைத் தொடங்கினேன்.

மூன்று வாரமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இருவரும் உட்காருவோம். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் கொடுத்தேன். டேப் கீ ஒழுங்கான வரிசையில் போகும்படி செய்தேன். மவுஸ் தொடாமல் எல்லாவற்றையும் விரலாலேயே செய்யக் குறுக்கு வழிகள் வைத்தேன். நிறத்துக்குப் பக்கத்திலேயே நிலவரத்தை ஒரு வார்த்தையில் எழுதினேன்: டையிங், தையல், அனுப்பியாச்சு, லேட் என்பவற்றை ஆங்கிலத்தில். வரியின் கடைசியில் எழுதியிருந்தேன். ஜெசிந்தா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"அத முன்னால கொண்டாங்க. ஸ்டைல் நம்பர் கூப்பிடுதவனுக்கே தெரியும். எங்க இருக்குன்னுதான அவன் கேக்கான்? நான் அதுவரைக்கும் இந்த மூக்கடைப்பைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

முன்னால் கொண்டுவந்தேன். மெர்ச்சண்டைசர்களுக்கும் அதுதான் வசதி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மாற்றியது எல்லாம் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அது 'ஜெசிந்தாவுக்கானது' என்று தனியாக வைத்துவிட்டேன். ஜி.எம். அறையிலும் மற்றவர்கள் மேஜையிலும் பழைய அழகான திரை அப்படியே இருந்தது. நித்யா, உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக் காட்டு.

பூஜைக்கு நான்கு நாள் முன்பு ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். "அப்புடீங்களா? வெச்சுப் பார்த்துருவோமுங்க" என்றார். தன் அறையில் உட்கார்ந்து, பையர் மாதிரி போனில் பத்து ஆர்டர் கேட்பதாக ஏற்பாடு. காலையில் எடுத்த பிரிண்ட் மதியத்துக்குப் பழசாகிவிடும் என்பதால், வேறு வழியில்லாமல் தன் திரையைப் பார்த்தே சரிபார்க்க வேண்டியிருந்தது. எந்த நிறம் எதற்கு என்று என்னிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் ரிசப்ஷனில் ஜெசிந்தா பக்கத்தில் நின்றேன். அவர் கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு, மூடாமலே வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். போன் அடித்தது.

"வணக்கமுங்க, பையர் ஆபீஸ்லிருந்து பேசறனுங்க" என்று ஜி.எம். முகத்தைப் பார்க்காமலே சிரிப்பு வருகிற மாதிரி ஆரம்பித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஒரு காதில் போன், இன்னொரு காதில் மூக்கடைப்பு. விரல்கள் ஓடின. "டையிங்ல இருக்கு சார்." "தையல்ல இருக்கு சார்." "லேட் ஆயிருக்கு சார், இன்னும் போவல." ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜி.எம்.தான் ஒவ்வொன்றையும் தன் திரையில் தேடிச் சரிபார்த்து எழுதிக்கொள்ள மூன்று நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். பத்தாவது முடிந்தபோது முப்பத்தெட்டு நிமிடம். ஜெசிந்தா கடிகார மூடியை அழுத்தி மூடினார். நான் உள்ளுக்குள் கைதட்டிக்கொண்டேன்.

ஜி.எம். தாளோடு ஹாலுக்கு வந்தார். மெர்ச்சண்டைசர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் ஹால் அது, அதன் முனையில்தான் ரிசப்ஷன்.

"ரொம்ப நல்லாச் செஞ்சீங்க அம்மிணி. பத்துக்கு எட்டுங்க. ஆனா பையர்கிட்ட ரெண்டு தப்பாச் சொன்னா, நமக்குப் பெரிய சங்கடமாப் போயிருமுங்க."

"எந்த ரெண்டு சார்?"

"ஏழாவதும் ஒம்பதாவதுமுங்க. ரெண்டும் சரக்குப் போயிருச்சு. நீங்க லேட்டுன்னு சொன்னீங்க."

"போவல சார். லேட்டுதான்."

"நான் என் கண்ணால பார்த்தனுங்க அம்மிணி."

அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டார். ஜெசிந்தாவின் கை கீபோர்டிலிருந்து இறங்கி மடிக்குப் போனது. எனக்கு என் புரோகிராம் மேல்தான் சந்தேகம். இரண்டு கம்ப்யூட்டரும் வேறு வேறு விவரம் காட்டினால் முழுத் தப்பும் என்னுடையது. ஜி.எம். அறைக்கு ஓடினேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

ஒன்பதாவது ஆர்டரின் வரி இளஞ்சிவப்பாக இருந்தது. லேட். ஜெசிந்தா சொன்னது சரி.

"சார், இது லேட்டுதானுங்களே?"

"ஏனுங்க, அதே பச்சையாத்தானுங்க இருக்குது? இதோ, இதுக்கு மேல இருக்கறது மாதிரியே." மேலே இருந்தது இளம்பச்சை. அனுப்பியாயிற்று. இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளைச் சட்டை. பிரிண்ட். பெட்டிக்கு முன்னால் செக்கிங் அம்மாவிடம், "உங்க கண்ணுக்கு எப்படீங்க?" இத்தனை வருடம் பணிவு என்று நாங்கள் மெச்சியது எது என்று அந்த ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சிவப்பும் பச்சையும் எனக்குப் பிரியாதுங்க மூர்த்தி. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். ஊட்டுக்காரிக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு." நாற்காலியில் உட்கார்ந்தார். "பனியன் கம்பெனி ஜி.எம்.முக்கு நிறம் தெரியாதுன்னா எந்த பையருங்க நம்பி ஆர்டர் குடுப்பான்?"

என் அறைக்குப் போய், ஜெசிந்தாவுக்காகச் செய்ததைக் கொண்டுவந்து அவர் கம்ப்யூட்டரில் போட்டேன். ஒவ்வொரு வரியின் முன்னாலும் வார்த்தை வந்தது. ஜி.எம். விரலை வைத்து ஒவ்வொன்றாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, சத்தமாகவே படித்தார். ஏழாவது லேட். ஒன்பதாவது லேட். கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"இதை ஏனுங்க எனக்கு முதல்லயே குடுக்கல?"

"நீங்க கேக்கலீங்களே சார்."

"கேக்க முடியுமுங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்க முடியாதவர்களும் இருப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. கடைசியில் சொன்னேன்: "சார், வெளிய நான் சொல்லிக்கறனுங்க. உங்க கம்ப்யூட்டர்ல புரோகிராம் கோளாறு, அதனால ரெண்டும் தப்பாத் தெரிஞ்சுதுன்னு. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாமுங்க."

"யோசிக்கலாமுங்க" என்றார்.

மூன்று நாள் போயிற்று. ஜி.எம். யோசித்துக்கொண்டே இருந்தார். ஹாலில் 'பத்துக்கு எட்டு' என்பது ஜெசிந்தாவின் பட்டப்பெயராகிவிட்டது. அவர் சொல்லி, தங்கை எழுதிய ராஜினாமா கடிதம் கைப்பையில் தயாராக இருந்தது. என் மவுஸும் இன்னும் அதே பைக்குள்தான் இருந்தது. கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆயுத பூஜை அன்று காலை கம்பெனி முழுக்கக் கழுவி, வாழை கட்டி, பொரி கடலை வைத்து, மிஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். புதிய ஏற்பாடு தொடங்கும் இடம் என்பதால் செக்கிங் அம்மாக்கள் ரிசப்ஷனை விசேஷமாகக் கவனித்தார்கள். ஜெசிந்தா வந்து உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தார். உடனே எடுத்தார்.

"அண்ணாச்சி! இங்க வாங்க!"

போய்ப் பார்த்தேன். ஒரு கீ விடாமல், நூற்றுச் சொச்சம் கீயிலும், பொட்டுப் பொட்டாகச் சந்தனம். நன்றாகக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. எஃப், ஜே இரண்டு கீயில் மட்டும் சின்ன மேடு இருக்கும். அதைத் தொட்டுத்தான் விரல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கும். இப்போது எல்லாக் கீயிலும் மேடு.

"எந்தப் புண்ணியவதி இந்த வேலை பாத்தது? ஒரு எடம் தட்டுப்படல எனக்கு!"

செக்கிங் அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் ஜி.எம். கற்பூரத் தட்டோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, கட்டை விரல் நகத்தால் ஒவ்வொரு கீயாகச் சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். "எதையெல்லாம் விட்டுறோணுமுங்க அம்மிணி?"

"எஃப்பும் ஜேயும் விட்டுருங்க சார். அதுல இருந்தா இன்னும் நல்லதுதான்."

வெள்ளைச் சட்டை முழுக்கச் சந்தனத் தூள். ஹாலில் எல்லோரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மெர்ச்சண்டைசர் ஒருவர் பொரியை மென்றுகொண்டே, "விடுங்க சார், எப்படியும் பத்துக்கு எட்டுதானே" என்றார்.

ஜி.எம். நிமிர்ந்தார். நகத்தில் இருந்த சந்தனத்தை உதறினார்.

"பத்துக்குப் பத்துங்க" என்றார். "அந்த ரெண்டு தப்பும் என்னோடதுங்க. சிவப்பு வரியைப் பச்சைன்னு நெனைச்சுட்டேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாதுங்க. பொறப்புலருந்தே பிரியாது." "இவங்க சரியாச் சொன்னாங்க. நான் எல்லாருக்கும் முன்னால தப்புன்னு சொன்னேன். அதனால எல்லாருக்கும் முன்னாலயே இதையும் சொல்றனுங்க."

கற்பூரம் என் கையில் எரிந்துகொண்டிருந்தது. டையிங் பொறுப்பாளர் தரையைப் பார்த்தார். திருப்பூரில் ஒரு ஜி.எம். தன் வாயால் சொல்லக்கூடிய கடைசி விஷயத்தை அவர் சொல்லி முடித்துவிட்டு, அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஜெசிந்தா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அதுக்கு எதுக்கு சார் இம்புட்டு வருத்தம்? உங்களுக்கு ரெண்டுதான் பிரியாது. எனக்கு ஒண்ணுமே பிரியாது."

முதலில் சிரித்தது ஜி.எம்.தான். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தோம். பிறகு ஹாலே சிரித்தது. செக்கிங் அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்துக்கொண்டேன், கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டு. அப்போது போன் அடித்தது. வெளிநாட்டு பையருக்கு ஆயுத பூஜை ஏது? ஜெசிந்தாவின் விரல்கள் இரண்டு சந்தன மேட்டையும் தொட்டு இடம் பிடித்தன. ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார், எண் கேட்டார், அரை நிமிடத்தில் பதில் சொன்னார், போனை வைத்தார். சரியான பதில். ஜி.எம். ரிசப்ஷன் திரையை எட்டிப் பார்த்து, வார்த்தையைப் படித்து, தலையாட்டினார்.

எந்த பையரும் ஓடிப் போகவில்லை. நிறப் பெட்டிக்கு முன்னால் அதே மூன்று பேர் முறைதான் தொடர்ந்தது. ஆனால் இப்போது, "எனக்குத் தெரியாதுங்க, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று வெளிப்படையாகக் கேட்டார். பேசும் புரோகிராமைக் கம்பெனியே வாங்கியது. 'ஜெசிந்தாவுக்கானது' என்ற தனித் திரையை எடுத்துவிட்டு, எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டேன். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச்சில் ஒரு பழைய மானிட்டர் எல்லா நிறத்தையும் மஞ்சளாகக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே இருந்தவர் ஓடி வந்து, "இப்பத்தான் சார் எனக்கு ஒண்ணு விளங்குது" என்றார். அத்தனை நாளும் அவரும் என்னிடம் கேட்கவில்லை.

இதை எழுதும் முன் இருவரிடமும் சம்மதம் கேட்டேன். சென்னியப்பன் சார் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். "தாராளமா எழுதுங்க" என்றார். இப்போது ஏதோ ஒரு கலர் சட்டை போடுகிறாராம். என்ன கலர் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

ஜெசிந்தா இன்னும் அதே நாற்காலியில்தான். கம்பெனி எண்ணுக்குப் போட்டு, நான் வாயைத் திறந்து "ஹலோ" என்றதும், "அண்ணாச்சி, ஏன் கத்துதிய? காது நல்லாத்தான் இருக்கு எனக்கு" என்றார். விஷயத்தைச் சொன்னேன். எங்கே வெளியாகும், யார் படிப்பார்கள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"எழுதுங்க. ஆனா அந்த ரெண்டு தப்பு நான் செய்யலன்னு மறக்காம எழுதிருங்க" என்றார். "மவுஸு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. சரியா எழுதுனா திருப்பித் தாரேன்."